ஒரு கட்டில், இரண்டு பருவம்

இரவு ஒன்றே முக்கால்.
சவிரிமுத்து எழும்பிப் போய் ஃபேனை நிற்பாட்டுகிறார்.
நான் எழும்பிப் போய் மூன்றில் வைக்கிறேன்.
கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி, நாலாம் தட்டு:
இருபத்தாறு வருடக் கல்யாணம்
ஒரு குமிழில் இப்படியும் அப்படியுமாய்த் திரும்புகிறது.

அவருக்கு நூற்றுமூன்று. பல் கிடுகிடுக்கிறது.
நுவரெலியாவில் மலிவென்று வாங்கி
ஒருநாளும் விரிக்காத கம்பளிக்குள்
முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கிடக்கிறார்.
"குளிருது பிலோ."
நெற்றியில் கை வைத்தால் தோசைக்கல்.
பாதம் மட்டும் ஐசில் கிடந்த மீன்.

எனக்கு ஐம்பத்தொன்று. காய்ச்சலில்லை.
ஆனாலும் மார்பிலிருந்து ஒன்று கிளம்பிக்
கழுத்தேறி, காதேறி, உச்சியில் போய் நிற்கிறது.
நைட்டி முதுகோடு ஒட்டுகிறது.
கொழும்புக் காற்று ஏற்கெனவே நனைந்த துணி;
என் வேர்வையை வாங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை.
வழிகிற வேர்வை குளிர்த்தாது,
காய்கிற வேர்வைதான் குளிர்த்தும்.

பகலில் எனக்குத் துறைமுகத்தில் வேலை.
குளிர்ப்பெட்டிகளின் வரிசையில் நடந்து
மணிக்கொருதரம் இரண்டு எண் எழுதுவேன்:
வைத்தது எவ்வளவு, உள்ளது எவ்வளவு.
இறாலுக்கு மைனஸ் பதினெட்டு.
அப்பிளுக்குப் பூச்சியம்.
இரண்டும் ஒன்றானால் இயந்திரம் உறங்கும்.
வேறானால் உறுமும்.

இன்றிரவுதான் விளங்கியது:
சவிரிமுத்து உடைந்த பெட்டியல்ல.
வைத்த எண்ணை யாரோ மாற்றிவிட்டார்கள்.
மூளைக்குள் கச்சான் கோதளவு ஒரு மூலை
"நூற்றுநாலு வேண்டும்" என்று கட்டளையிட,
நூற்றுமூன்று அவருக்கு மார்கழி.
தசையெல்லாம் நடுங்கி விறகாகிறது.
தோலை விட்டு இரத்தம் உள்ளறைக்கு ஓடுகிறது.
அதனால்தான் அந்த மீன்பாதம்.

என்னுடையது வேறு கோளாறு.
வைத்த எண் அப்படியே இருக்கிறது,
பொறுமைதான் போய்விட்டது.
முன்பு அரை டிகிரி ஏறினாலும்
கண்டும் காணாததுமாய் இருந்த உடம்பு
இப்போது நூலளவுக்கே எல்லாக் கதவையும் திறந்து
தீ தீ என்று கத்துகிறது.
தீ எங்கேயும் இல்லை.

மூன்று மணிக்குப் பனடோல். ஒரு கோப்பை ஜீவனி.
குடித்ததையும் மூத்திரம் போனதையும் கொப்பியில் எழுதுகிறேன்.
மேலே, இன்று மூன்றாம் நாள் என்று.
கீழ்த்தட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு;
மாநகரசபைக்காரர் வந்து புகையடித்தார்கள்,
நுளம்பெல்லாம் படியேறி எங்களிடம் வந்தது.

நாலரைக்கு ஒரு கப்பல் ஊதுகிறது.
சவிரிமுத்து கம்பளியை உதைத்துத் தள்ளுகிறார்.
நெற்றி, மீசை, தலையணை எல்லாம் ஈரம்.
"ஃபேனைப் போடன், புழுங்குது" என்கிறார்,
ராத்திரி முழுக்க அதை நிற்பாட்டியவர் வேறு யாரோ போல.
தொண்ணூற்றொன்பது.
எனக்கோ வேர்வை ஆறி இப்போது நடுக்கம்.
கம்பளியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிரித்திருக்கலாம்.
ஆனால் கிளினிக்கில் அந்தச் சின்ன டொக்டர்
ரிப்போட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"காய்ச்சல் ஏறேக்க இல்லை அன்ரி,
இறங்கேக்கதான் வடிவாப் பாக்கோணும்."

துறைமுகத்தில் இரண்டு எண்ணும் ஒன்றானால்
அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன்.
இங்கே அடுத்த பெட்டி இல்லை.

ஆறு மணிக்கு லேப் திறக்கும்.
அதுவரை கம்பளியோடு கட்டில் காலடியில் இருந்து
அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
சூடா, குளிரா?
என் கையே குளிர்ந்திருக்கிறது, அதை நம்ப முடியாது.
குனிந்து
கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன்.